சட்டியும் கிட்டாரும்

திருமுல்லைவாயிலில் பிறந்து வளர்ந்தவன் நான். ஊரின் பெயரைச் சொன்னதும் கேட்பவர் முகத்தில் இரண்டு விதமான பாவனைகளைக் கண்டிருக்கிறேன். தேவாரப் பரிச்சயம் உள்ளவர் என்றால், சுந்தரர் பதிகம் பெற்ற தலம் என்று கண்கள் மலரும். தொண்டைமானின் யானைக் காலில் முல்லைக்கொடி சுற்றிக்கொண்டதும், அவன் வாளால் வெட்டியபோது கொடிக்குள் மறைந்திருந்த லிங்கத்திலிருந்து குருதி பெருகியதும், அந்த வாள்தழும்பின்மேல் இன்றும் சந்தனக் காப்பு சாத்தப்பட்டிருப்பதும் பேச்சில் வரும். மற்றவருக்கு எங்கள் ஊர், அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே மின்சார ரயில் சற்று நின்று போகும் ஒரு நிலையம். அவ்வளவே.

கல்லூரி நாட்களில் முதல் வகையினரையே நான் தேடிப்போய்ப் பேசினேன். என் ஊர் பாடல் பெற்ற தலம் என்று சொல்வதில் ஒரு பாதுகாப்பு இருந்தது. எங்கள் வீட்டில் இன்னொரு பாடலும் இருந்தது. அதைப் பற்றி எவரிடமும் நான் வாய் திறந்ததில்லை.

*

என் தாய்மாமன் கானா பாடுகிறவர். வியாசர்பாடியில் வீடு, துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. ஆனால் அந்த வட்டாரத்தில் ஒரு சாவு விழுந்தால் வேலைக்குப் போகமாட்டார். பிணம் கிடத்தப்பட்டிருக்கும் இரவில், தெருவில் போட்ட பந்தலுக்குக் கீழே அவரும் இரண்டு தோழர்களும் உட்கார்ந்துகொள்வார்கள். முதலில் தாளமே இல்லாமல் ஓர் இழுவை. விருத்தம் பாடுவதைப் போல, ஆனால் விருத்தத்தின் மெருகு ஏதும் இல்லாமல், மூக்கிலிருந்து கிளம்பும் குரல். அது ஓரிடத்தில் உடைந்து நிற்கும்போது சட்டியில் குச்சி விழும். மூன்று மூன்றாய் அடி எழும். அதற்குப் பிறகு செத்தவரின் பெயர், செய்த வேலை, பெற்ற பிள்ளைகள், குடித்த குடி, கொடுத்த கடன், வாங்கிய கடன் எல்லாம் அந்த இடத்திலேயே பாட்டாகும். அழுதுகொண்டிருப்பவர்கள் நடுவில் சிரித்துவிடுவார்கள். சிரித்தவர்கள் மறுகணம் மேலும் உரக்க அழுவார்கள்.

கானா என்பது பாட்டைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து வந்தது என்பர். அதன் வேர்கள் பல. சித்தர் பாடல்களின் நிலையாமை அதில் இருக்கிறது. பெண்களின் ஒப்பாரி இருக்கிறது. பழைய இந்தித் திரைப்பாடல்களின் மெட்டு இருக்கிறது. வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு என வடசென்னையின் உழைக்கும் மக்கள் குடியிருப்புகளில், பெரும்பாலும் தலித் மக்களிடையே வளர்ந்த கலை அது. மேடை வேண்டாம், சுருதிப்பெட்டி வேண்டாம். மேசை, தகரம், ரயில்பெட்டியின் பலகை எது கிடைத்தாலும் தாளம் பிறந்துவிடும். எங்கள் அரக்கோணம் தடத்து ரயில்களில் கல்லூரி மாணவர்கள் பெட்டியின் பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டிப் பாடிக்கொண்டு வருவார்கள். நான் அந்தப் பெட்டியில் ஏறாமல் அடுத்த பெட்டிக்கு ஓடுவேன்.

காரணத்தை இன்று தயங்காமல் எழுத முடிகிறது. நகரத்தில் நான் படித்த கல்லூரியில், முதல் மாதமே, என் பேச்சு பகடிக்குள்ளானது. 'இன்னா', 'கீது', 'வூடு' என்று நான் உச்சரித்ததை அப்படியே திரும்பச் சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பெரிய வன்மம் ஒன்றும் இல்லை. திரைப்படங்கள் அவர்களுக்கு அப்படிச் சிரிக்கக் கற்றுக்கொடுத்திருந்தன. சென்னைத் தமிழ் என்றால் நகைச்சுவை நடிகரின் தமிழ் அல்லது அடியாளின் தமிழ். ஆறே மாதங்களில் என் நாக்கை நான் திருத்திக்கொண்டேன். இப்போது நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கும் இந்த உரைநடைகூட அந்தத் திருத்தத்தின் விளைவுதான்.

1995இல் அப்பா இறந்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பட்டறையில் லேத் ஓட்டியவர். மாலைக்குள் மாமா வந்துவிட்டார். கையில் துணிப்பை, பைக்குள் சட்டி. மறுநாள் காலை என் கல்லூரி நண்பர்கள் சிலர் வருவதாக இருந்தது. இரவு தங்குவதற்கென்றே இருவர் முன்னதாக வந்து வாசலில் நின்றிருந்தனர். நான் மாமாவைத் தனியே அழைத்துப்போய், பாட வேண்டாம் என்று சொன்னேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். "சரி மாப்ள" என்றார். இரவு முழுவதும் அப்பாவின் தலைமாட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் பாடையைத் தூக்கும்போது முதல் தோள் அவருடையது.

*

இனி நான் சொல்லப்போவது சம்பந்தமில்லாததுபோலத் தோன்றக்கூடும். சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2003 வாக்கில், வேலைக்குச் சேர்ந்த இடத்தில் ஒரு நண்பர் குறுந்தகடு ஒன்றைப் பதிந்து கொடுத்தார். அங்கிள் டுப்பெலோ என்ற அமெரிக்க இசைக்குழுவின் முதல் தொகுப்பு, 'நோ டிப்ரஷன்', 1990இல் வெளிவந்தது. இல்லினாய் மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகேயுள்ள பெல்வில் என்ற சிற்றூரைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள்: ஜே ஃபாரர், ஜெஃப் ட்வீடி, மைக் ஹைடார்ன். ட்வீடியின் தந்தை ரயில்வே யார்டில் வேலை பார்த்தவர். ஆலைகளும் சாராயக்கடைகளும் சூழ்ந்த வாழ்க்கை. வரைபடத்தில் பெல்விலை எங்கே வைத்திருந்தாலும் சரி, என் மனத்தில் அது அம்பத்தூருக்கு அடுத்த நிலையம்தான்.

அவர்கள் பள்ளிப் பருவத்தில் பங்க் ராக் வாசித்தவர்கள். பங்க் என்பது 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் கிளம்பிய கோபம். மூன்று நான்கு சுரக்கட்டுகள், வெறிகொண்ட வேகம், ஒலிபெருக்கி கிழியும் கிட்டார், இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும் பாடல். தேர்ச்சியை அது பொருட்படுத்துவதில்லை, சில வேளை அவமதிக்கவே செய்கிறது. இதற்கு நேர் எதிராக இருந்தது கன்ட்ரி. பெற்றோரின் இசை, வானொலியின் இசை, விவசாயிகளும் லாரி ஓட்டுநர்களும் கேட்பது. படித்த நகரத்து இளைஞனுக்கு அது பட்டிக்காட்டான் பாட்டு. கம்பியைச் சுண்டும்போது எழும் கூர்மையான அதிர்வையும், மூக்கால் இழுத்துப் பேசும் நாட்டுப்புறத்தாரின் பேச்சையும் ஆங்கிலத்தில் 'ட்வாங்' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறார்கள். இசைக்கருவியின் ஒலிக்கும் மனிதனின் கொச்சைக்கும் ஒரே பெயர் என்பதில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன்.

அங்கிள் டுப்பெலோ இவ்விரண்டையும் ஒரே பாடலுக்குள் வைத்தது. கன்ட்ரியின் நிதானத்தில் ஒரு பாட்டு நடந்துகொண்டிருக்கும். சட்டென்று நிற்கும். அடுத்த கணம் பங்கின் சூறை இறங்கும். மறுபடி நிற்கும், மறுபடி நடக்கும். தொகுப்பின் தலைப்புப் பாடலை அவர்கள் எடுத்தது கார்ட்டர் குடும்பத்தினரிடமிருந்து. பொருளாதாரப் பெருமந்த ஆண்டுகளில், 1936இல் அவர்கள் பதிவு செய்த பக்திப் பாடல் அது. அதைக் கேலிக்காக எடுத்து வாசிக்கவில்லை என்பது கேட்ட மாத்திரத்தில் விளங்கிவிடும். இருபது வயதுச் சொச்சத்தில் இருக்கும் பங்க் இளைஞர்கள், தாத்தா பாட்டியின் பாடலைத் தங்கள் வறுமையைச் சொல்ல எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இது அவர்களிடம்தான் தொடங்கியது என்று சொல்ல முடியாது. கன்ட்ரியின் தலைநகரான நாஷ்வில்லிலேயே ஜேசன் அண்ட் த ஸ்கார்ச்சர்ஸ் 1980களின் தொடக்கத்தில் இக்கலப்பைச் செய்தது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து பங்க் குழுவான மேகான்ஸ், சுரங்கத் தொழிலாளரின் பெரும் வேலைநிறுத்தம் தோற்ற 1985ஆம் ஆண்டில் 'ஃபியர் அண்ட் விஸ்கி' என்ற தொகுப்பில் பிடிலையும் கன்ட்ரியின் தள்ளாட்டத்தையும் கொண்டுவந்தது. தோற்றவர்களுக்குப் பாட ஒரு மொழி தேவைப்பட்டபோது அவர்கள் தேடிப்போனதும் பழைய ஏழைகளின் இசையைத்தான். ஆனாலும் இப்போக்குக்கு ஒரு பெயர் நின்றது அங்கிள் டுப்பெலோவால். 1995இல் தொடங்கப்பட்ட இசைப் பத்திரிகை ஒன்று 'நோ டிப்ரஷன்' என்றே பெயர் சூட்டிக்கொண்டது. குழுவோ அதற்கு முந்தைய ஆண்டே கலைந்துவிட்டிருந்தது. அதிலிருந்து வில்கோ, சன் வோல்ட் என இரண்டு குழுக்கள் கிளைத்தன.

அந்தக் குறுந்தகட்டை நான் நூறு முறையாவது கேட்டிருப்பேன். ஃபாரரின் அடர்ந்த குரல் மூக்கில் ஏறி இழுபடும் இடங்களை நண்பர்களிடம் சுட்டிக்காட்டிச் சிலாகித்திருக்கிறேன். தன் மண்ணின் உச்சரிப்பை மறைக்காமல் பாடுவதில் என்ன ஒரு துணிவு என்று ஒருநாள் மதிய உணவு நேரத்தில் பேசிக்கொண்டிருந்தேன். பேசி முடித்தபோது சோறு இறங்கவில்லை. எங்கோ இல்லினாயில் எவனோ ஒருவனின் கொச்சையைக் கொண்டாட எனக்குக் காது இருந்தது. வியாசர்பாடியிலிருந்து துணிப்பையோடு வந்தவரின் கொச்சைக்கு அது இருந்திருக்கவில்லை.

*

கானா திரைக்குள் நுழைந்த கதை பலரும் அறிந்தது. 1990களில் தேவா அதைத் திரையிசையின் நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். 2006இல் வந்த 'சித்திரம் பேசுதடி'யில் கானா உலகநாதன் திரையிலேயே தோன்றிப் பாடினார். 2012இல் பா. ரஞ்சித்தின் முதல் படமான 'அட்டகத்தி'யில், சந்தோஷ் நாராயணன் இசையில் கானா பாலாவின் குரல் தமிழகமெங்கும் போய்ச் சேர்ந்தது. இவை எல்லாம் நல்லவையே. ஆயினும் திரைப்படத்துக்குப் பெரும்பாலும் தேவைப்பட்டது கானாவின் துள்ளல், காதல் தோல்வி, குடி, கிண்டல். கானாவுக்குள் இருக்கும் பிணத்தை அது வெளியே வைத்துவிட்டது. கோபத்தையும்தான்.

அந்தக் கோபத்தை உள்ளே அழைத்து வந்ததுதான் 'த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசைக்கலைஞர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து 2017இல் குரல் தேர்வு நடத்திப் பத்தொன்பது பேரைச் சேர்த்தன. பெயருக்குப் பின்னால் இருப்பவர் அயோத்திதாசப் பண்டிதர். சாதிபேதமற்றவர்கள் என்று தம் மக்களை அழைக்கச் சொன்ன அவருடைய பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குரலின் எதிரொலி அது. டென்மா ராக் வழியாக வந்தவர், கபேர் வாசுகியோடு 'குரங்கன்' என்ற குழுவை நடத்தியவர். பாடல் எழுதிப் பாடிய அறிவு அரக்கோணத்துக்காரர். அதாவது எங்கள் ரயில் தடத்தின் கடைசி நிலையத்துக்காரர். பாடகர்களில் ஒரே பெண்ணாக இசைவாணி இருந்தார். ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் நின்று பாடியதற்காக 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது.

2018 ஜனவரி 6, சனிக்கிழமை மாலை, கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் அவர்களுடைய முதல் நிகழ்ச்சி. சபாக்களில் மார்கழிக் கச்சேரிகள் நடந்துகொண்டிருந்த பருவம். நான் வியாசர்பாடிக்குப் போய் மாமாவை அழைத்துக்கொண்டேன். அவருக்கு அப்போது எழுபது கடந்திருந்தது. "கானா கச்சேரியா? யார் செத்தது?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

மேடையில் கோட்டும் சூட்டுமாக ஏறினார்கள். அம்பேத்கரின் கோட்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒருபுறம் மின்கிட்டாரும் டிரம்ஸும். மறுபுறம் சட்டி, கட்ட மோளம், பறை, தவில். எனக்கு உள்ளூர ஓர் ஐயம் இருந்தது. ராக் பெரும்பாலும் நான்கு நான்காய் அடி வைத்து நடப்பது. கானாவின் நடை மூன்று மூன்றாய்ச் சுழல்வது. கிட்டாரின் சுரங்கள் கட்டையில் அறையப்பட்டவை. கானாக்காரர் தொண்டை எந்த இடத்தில் எடுக்கிறதோ அதுவே அவருக்குச் சுருதி. இரண்டையும் சேர்த்தால் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும் என்று எண்ணினேன். இணைவிசை என்ற பெயரில் நான் அதுவரை கேட்டவற்றில் பெரும்பாலும் நடந்தது அதுதான். மேற்கத்திய இசை வீடு கட்டியிருக்கும், நாட்டுப்புறக் கலைஞர் திண்ணையில் வந்து நான்கு வரி பாடிவிட்டுப் போவார்.

இங்கே வீடு சட்டியுடையது. முதல் பாடலிலேயே அது தெளிவாகிவிட்டது. மூன்றடிச் சுழற்சியைச் சட்டி பிடித்துக்கொள்ள, டிரம்ஸ் அதற்கு அடியில் கனமாக நின்றது. கிட்டார் முன்னால் ஓடாமல், பாடுகிறவரின் இழுவை முடியும் இடத்துக்காகக் காத்திருந்து பாய்ந்தது. அங்கிள் டுப்பெலோவில் நான் கேட்ட அதே நின்றல், அதே பாய்ச்சல். ஆனால் இங்கே அது கடன் வாங்கியதாகத் தோன்றவில்லை. மரண கானாவின் இலக்கணமே அதுதானே: தாளமற்ற இழுவை, உடைந்து நிற்கும் ஒரு கணம், பிறகு அடி. இடஒதுக்கீட்டைப் பற்றிப் பாடினார்கள். மாட்டிறைச்சியைப் பற்றிப் பாடினார்கள். சென்னைத் தமிழில்தான் பாடினார்கள். என்னைச் சுற்றி ஆயிரக்கணக்கானோர் சிரித்தார்கள். 'இன்னா' என்ற சொல்லுக்காக யாரும் சிரிக்கவில்லை. பாட்டில் இருந்த எள்ளலுக்காகச் சிரித்தார்கள். இந்த வேறுபாட்டைக் கேட்பதற்கு எனக்கு இருபத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

கலப்பிசையைப் பற்றிப் பேசும்போது எதையும் எதோடும் சேர்க்கலாம் என்பது போன்ற ஓர் உற்சாகம் நம்மிடையே உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பெல்வில் இளைஞர்களும் சரி, கீழ்ப்பாக்கத்து மேடையில் நின்றவர்களும் சரி, வெளியிலிருந்து புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டவில்லை. வீட்டில் ஏற்கெனவே இருந்து, வெட்கத்தால் மூடிவைக்கப்பட்ட ஒன்றைத் திறந்தார்கள். அதை உரக்கச் சொல்வதற்கு ஒரு கருவி தேவைப்பட்டது. பங்க் அந்தக் கருவியாயிற்று, ராக்கும் ராப்பும் அந்தக் கருவியாயின. வெட்கம் போன இடத்தில் கலப்பு தானே நிகழ்கிறது. வெட்கம் இருக்கும்வரை எவ்வளவு சாமர்த்தியமாகச் சேர்த்தாலும் அது திண்ணைப் பாட்டுதான்.

*

நிகழ்ச்சி முடிந்து ஆட்டோவில் திரும்பும்போது மாமா நெடுநேரம் பேசவில்லை. பிறகு தீர்ப்பைச் சொன்னார்.

"நம்ம சட்டி முன்னால போவுது. அந்தக் கம்பி பின்னால வருது. பசங்க நல்லா பண்ணிக்கீறானுங்கோ."

அந்த உற்சாகத்தில், எத்தனையோ ஆண்டுகளாக நெஞ்சில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். அப்பாவின் நினைவு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. "இந்த வருசம் வீட்டுக்கு வந்து அப்பாவுக்காக ஒரு பாட்டு பாடுங்க மாமா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. என் தொடையில் கையை வைத்தார். "செத்தவனுக்கு அன்னிக்கு ராத்திரிதான் மாப்ள பாட்டு. மறுநாள் பாடுனா அது கச்சேரி."

போகும்போது அவர் கேட்ட கேள்வி விளையாட்டல்ல என்று அப்போதுதான் புரிந்தது.

மேடை கானாவுக்கு மரியாதையைத் திருப்பிக் கொடுத்தது என்று நான் நம்புகிறேன். 2020 டிசம்பரில் நீலம் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' அதை மேலும் ஓர் அடி கொண்டுபோனது. இனி ஒரு மாணவன் தன் மாமனிடம் போய்ப் பாட வேண்டாம் என்று சொல்லக் கூசுவான். அது சிறிய மாற்றமல்ல. ஆனால் ஒரு தெருவில், ஓர் இரவில், ஒரு பெயருக்காகப் பாடப்பட்டு அங்கேயே தீர்ந்துபோகும் பாட்டை எந்த மேடையும் திருப்பித் தர முடியாது. நான் தடுத்தது அந்தப் பாட்டை.

2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில் மாமா இறந்தார். உறைக்குள் வைத்துக் கட்டிய உடலைச் சுடுகாட்டில் தொலைவிலிருந்து பார்த்தவர்கள் நாங்கள் நான்கு பேர். பந்தல் இல்லை, சட்டி இல்லை. ஊரடங்கில் தெருவே அரவமற்றுக் கிடந்தது. எத்தனையோ சாவுகளுக்குப் பாடியவருக்குப் பாட ஆளில்லை.

இரவு வீடு திரும்பிக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அம்மா உள்ளறையில் படுத்திருந்தார். கைக்கு என்ன செய்வதென்று தெரியாமல் சாப்பாட்டு மேசையின் விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தேன். மூன்று மூன்றாய்த்தான் தட்டியிருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது. உள்ளிருந்து அம்மாவின் குரல் எழுந்தது. ஒப்பாரி என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. மூக்கிலிருந்து கிளம்பி, உடைந்து, நின்று, தன் தம்பியின் பெயரைச் சொல்லி, துறைமுகத்தைச் சொல்லி, அவர் வாங்கி அடைக்காத கடனைச் சொல்லிப் போயிற்று அந்தப் பாட்டு. அம்மாவுக்கு அது தெரியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. நான் கேட்டதே இல்லை.

பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. யாரோ சன்னலைத் திறந்தார்கள். நான் தட்டுவதை நிறுத்தவில்லை. மணி பத்துதான் ஆகியிருந்தது, மறுநாள் ஆவதற்கு இன்னும் நேரம் இருந்தது.